ஆச்சி பந்திக்குப் போகாத முப்பத்தோரு வருஷம்

இல்லை அம்மா, பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே நாலு தாள் இருக்கிறது, கசங்கிவிடும். என்ன தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் ஆச்சியின், அப்பாவைப் பெற்ற பாட்டியின், ஜீவிய சரித்திரம். நாலு பக்கத்தில் ஆச்சியைத் தவிர மற்ற எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் பஸ்ஸில் ஏறுகிறவள் இல்லை. கார்க்காரன் கல்யாண ஓட்டம் கிடைத்தது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். அதனால்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புலம்புகிறேன். நீங்கள் எங்கே, மதுரையா? நான் திருச்சி. அப்படியானால் நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

இன்று காலை எங்கள் ஊரில் ஆச்சிக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. நல்லாயன்புரம். திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரம். பனையும் உடைமரமும் தவிர ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு பெரிய கோயில். கோயில் என்றால் சர்ச்சு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பாதிரியாரை ஐயர் என்போம். நீங்கள் குங்குமம் வைத்திருக்கிறீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழம்பிவிடக் கூடாது.

எங்களில் ஒருவர் இறந்துபோனால் அடக்கத்தன்றும் வருஷ நினைவிலும் அவருடைய வாழ்க்கையை எழுதிக் கோயிலில் வாசிப்போம். அதுதான் ஜீவிய சரித்திரம். அதையெல்லாம் நீங்கள் ஒருதரம் வந்து கேட்க வேண்டும். நூற்றைம்பது வருஷத்தில் நல்லாயன்புரத்தில் ஒரு கெட்ட மனுஷன் செத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மேல் பதினேழு பெட்டிஷன் போட்டவர் ‘சமாதானப் பிரியர்’. மருமகளைச் சொல்லாலேயே தீய்த்தவள் ‘அன்பின் ஊற்று’. பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், திடப்படுத்தல் பெற்றார், தவறாமல் திருவிருந்தில் பங்கெடுத்தார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அச்சில் வார்த்தது போல இருக்கும். பேரையும் தேதியையும் மாற்றினால் போதும்.

ஆச்சியுடையதை எழுதியது தவமணி பெரியப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவர், அதனால் தனக்கு எழுத வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் பக்கம் முழுக்க அவருடைய உத்தியோகம். இரண்டாம் பக்கம் அவருடைய பிள்ளைகளின் உத்தியோகம். மூன்றாம் பக்கத்தில், ‘மேற்கண்ட அனைவரையும் ஈன்று வளர்த்த ஞானப்பூ அம்மாள் அவர்கள்’ என்று ஆச்சி வருகிறாள். வந்து இரண்டு வரி போனதும், ‘அன்னார் தவறாது திருவிருந்தில் பங்கெடுத்து’ என்று இருக்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே ஃபோன் போட்டேன்.

“பெரியப்பா, ஆச்சி எங்க திருவிருந்துக்குப் போனா?”

“ஏட்டி, அது எல்லாருக்கும் எழுதுற வரிதான.”

“எல்லாருக்கும் எழுதுங்க. ஆச்சிக்கு எதுக்குப் பொய்?”

“பின்ன என்ன எழுதச் சொல்லுத? போகலன்னா? புது ஐயர் என்ன நெனப்பாரு? ஹூஸ்டன்ல இருந்து பேரப்பிள்ளைய எல்லாம் லைவ்ல பாக்குதுவ. நீ பேசாம வாசி. ரெண்டு பாஷையும் ஒனக்குத்தான் சுத்தமா வரும்.”

அதுதான் எனக்கு அந்தக் குடும்பத்தில் மிச்சமிருக்கும் மரியாதை. சுகிர்தாவுக்கு ரெண்டு பாஷை வரும். பத்தொன்பது வருஷம் போட்ஸ்வானாவில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், ஊருக்குத் திரும்பி வந்தால் மைக்கில் வாசிக்கத்தான் லாயக்கு.

திருவிருந்து என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். பீடத்துக்கு முன்னால் கிராதி போட்டிருக்கும், அங்கே வரிசையாக முழங்கால் போட்டு வாங்க வேண்டும். பந்தி என்றும் சொல்வோம். அன்றைக்கு வயசான பொம்பளைகள் எல்லாரும் வெள்ளைச் சேலைதான். ஆனால் ஒரு விதி உண்டு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் பந்திக்கு வர வேண்டும். ஐயர் ஒவ்வொரு மாதமும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சொன்னதும் ஊரே எழுந்து போகும். வரப்புச் சண்டையில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முழங்கால் போடுவார்கள். வாங்கி விழுங்கிவிட்டு, வெளியே வந்து, அவரவர் வழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஆச்சி ஒருத்திதான் போகமாட்டாள். வெள்ளைச் சேலை கட்டி, தலையை வாரி முடிந்து, முதல் மணி அடிக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுவாள். பந்திக்குக் கூப்பிட்டால் எழுந்திரிக்கமாட்டாள். எங்கள் கால்கள் அவளைத் தாண்டிப் போகும். முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். முப்பத்தோரு வருஷம்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆச்சிக்கு ஒரு ஓரகத்தி, தாத்தாவின் தம்பி பெண்டாட்டி, பாக்கியத்தங்கம். எங்களுக்குச் சின்னாச்சி. அடுத்த வீடு. அவளுடைய மகனுக்குப் பெண் பார்த்து எல்லாம் கூடிவந்த நேரம், பெண் வீட்டார் ஆச்சியிடம் வந்து விசாரித்தார்கள். பையனுக்கு வலிப்பு உண்டு என்று கேள்விப்பட்டோமே, நிஜமா? ஆச்சி, “சின்னதுல இருந்து உண்டு. இப்பவும் எப்பவாவது வரும். மாத்திர திங்கான்” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். சம்பந்தம் முறிந்தது. அந்த மாமா இன்றைக்கும் ஒண்டிக்கட்டையாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சின்னாச்சி கோயில் வாசலில் வைத்து ஆச்சியைக் கேட்காத கேள்வி இல்லை. அதற்கடுத்த முதல் ஞாயிறிலிருந்து ஆச்சி பந்திக்குப் போவதை நிறுத்தினாள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. எனக்கும் தங்கச்சிக்கும் ஆச்சிதான் எல்லாம். அம்மா எங்களைச் சின்னதிலேயே விட்டுப் போய்விட்டாள். அந்த வயதில் ஆச்சியைப் பார்த்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். மனசுக்குள் கசப்பை வைத்துக்கொண்டு வாயில் அப்பத்தை வாங்கக் கூடாது. கசப்பு இருந்தால் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட வேண்டும். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். அந்தக் கோயிலில் நேர்மையான ஒரே மனுஷி என்று ஆச்சியை நினைத்தேன். நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக, போட்ஸ்வானாவில் கேபரோனில் இருந்தபோதும் சரி, திருச்சிக்கு வந்த பிறகும் சரி, நான் பந்திக்குப் போனதில்லை.

ஏன் என்று கேட்கமாட்டீர்களா? கேளுங்கள், பரவாயில்லை.

என் தங்கச்சி. ஹெப்சி. அப்பா இறந்தபோது நான் போட்ஸ்வானாவில் இருந்தேன். தகவல் வந்த அரை மணியில் கிளம்பினேன். கேபரோனில் இருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து துபாய், அங்கிருந்து திருவனந்தபுரம். முப்பது மணி நேரம் கண்ணை மூடவில்லை. துபாயில் ஒரு விமானம் தவறிவிட்டது. ஆறு மணிக்கு வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்று சொன்னேன். நான் வாசலில் இறங்கியபோது பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ரெண்டு மணிக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். நாலு மணி நேரம். பெற்ற தகப்பன் முகத்தைப் பார்க்க எனக்கு நாலு மணி நேரம் கொடுக்கவில்லை. முடிவெடுத்தது அவள். கேட்டால் ஐஸ் பெட்டி நின்றுபோனதாம். மே மாதமாம். கரண்டு இல்லையாம். ‘அந்தக் கோலத்துல ஒனக்கு அப்பாவக் காட்ட எனக்கு மனசு வரலக்கா’ என்றாள். அவளுக்கு மனசு வரவில்லையாம். பாருங்கள்.

அன்றோடு சரி. அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. அவள் விடுகிறாளா? கிறிஸ்மஸ் என்றால் ஃபோன், என் பிறந்தநாள் என்றால் ஃபோன். எடுக்காவிட்டால் வாய்ஸ் மெசேஜ். நான் அவள் நம்பரையே அழித்துவிட்டேன். பிறகு கடிதம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் தவறாமல் ஒன்று வரும். பிரிக்காமலே போட்டுவிடுவேன். மானம் உள்ளவர்கள் இத்தனை தரம் வந்து தட்டுவார்களா? நான் என்றால் ஒரு தரத்தோடு விட்டிருப்பேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஊர் திரும்பியதும் ஆச்சியைப் பார்க்க மாதம் ஒருதரம் போனேன். ஆச்சி இருந்தது ஹெப்சியின் வீட்டில். அந்த வாசப்படியை நான் மிதிக்க முடியுமா? காரைத் தெருவில் நிறுத்தி ஹார்ன் அடிக்கச் சொல்வேன். அவள் ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கதவைத் திறந்து உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்விடுவாள். நானும் ஆச்சியும் ஏசியில் உட்கார்ந்து பேசுவோம். எண்பத்தேழு வயசில் அந்தக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதற்காக நான் ஒரு சால்வை வாங்கிக் காரிலேயே வைத்திருந்தேன். யார் செய்வார்கள் இப்படி? ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது, “உள்ள வாட்டி சுகி. அவ ஒனக்கும் சேத்து ஒல வச்சிருக்கா” என்பாள். “நீங்க சின்னாச்சி வீட்டுக்குள்ள போனீங்களா ஆச்சி, என்னைக் கூப்பிடுதியளே?” என்று கேட்பேன். ஆச்சி என் கையைத் தடவிவிட்டு இறங்கிப்போவாள். பதில் இருந்தால்தானே சொல்வாள்.

நேற்றுப் பெரியப்பா வீட்டில் தங்கினேன். ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்தீர்களானால் இறந்தது பெரியப்பா என்று நினைப்பீர்கள். அவ்வளவு பெரிய படம் அவருக்கு. ஆச்சி ஒரு மூலையில், தபால்தலை மாதிரி. பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார்.

“ஹெப்சியும் பந்திக்குப் போயி ஒம்போது வருசமாச்சு, தெரியுமா ஒனக்கு? வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து, ஆச்சி பக்கத்துலயே உக்காந்திருப்பா.”

“போகக் கூடாதுதான” என்றேன். “செஞ்சது உறுத்தும்லா.”

பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நீ வாசிக்கதை ஒழுங்கா வாசி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்று காலை கோயில் நிறைந்திருந்தது. செத்தவளை நினைத்துக் கூட்டம் வரவில்லை. ஆராதனை முடிந்து பிரியாணி என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையில் சின்னாச்சி. எண்பத்தாறு வயசு, வெள்ளைச் சேலை, கையில் வாக்கர். அந்தப் பெண்பிள்ளைக்கு முதல் வரிசை தேவையா? ஆச்சியை ஊர் நடுவில் வைத்துக் கிழித்தவள், ஆச்சியின் நினைவு நாளில் முதல் வரிசை. நாலு பெஞ்சு பின்னால் ஹெப்சி, ஓரத்தில், ஆச்சி உட்காரும் அதே இடத்தில். எல்லாம் நாடகம்.

நான் போய் மைக்கின் முன்னால் நின்றேன். பெரியப்பாவின் உத்தியோகத்தை வாசித்தேன். பிள்ளைகளின் உத்தியோகத்தை வாசித்தேன், ஹூஸ்டனுக்காக ஆங்கிலத்திலும். மூன்றாம் பக்கம் வந்தது. அந்த வரி வந்தது. தாளை மடித்தேன்.

“இதில் ஒரு பொய் எழுதியிருக்கிறது, அதை நான் வாசிக்கப்போவதில்லை” என்றேன். “எங்கள் ஆச்சி முப்பத்தோரு வருஷம் திருவிருந்துக்குப் போகவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒருத்தர் மேல் கசப்பு இருந்தது. அதை மறைத்துக்கொண்டு ஆண்டவருக்கு முன்னால் முழங்கால் போட அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் கோயிலில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் எங்கள் ஆச்சி. அவளுக்கு நாம் செய்கிற மரியாதை, அவளைப் போல ஒரு நாளாவது உண்மையாக இருப்பதுதான்.”

நல்ல பேச்சு, அம்மா. நானே சொல்லக் கூடாது.  பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். யாருக்கும் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை என்று நினைத்தேன்.

அப்போது சின்னாச்சி வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

“ஏட்டி சுகி. நீ சொன்னது அம்புட்டும் சரியில்ல.”

“எது சரியில்ல சின்னாச்சி?” என்றேன். மைக்கில்தான் கேட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று.

“கசப்பு அவளுக்கு இல்லட்டி. எனக்கு.”

ஐயர் எழுந்து, “அம்மா, உட்காருங்க, பிறகு பேசலாம்” என்றார். புது ஐயர், சின்னப் பையன், பாவம். சின்னாச்சி அவரைக் கையமர்த்திவிட்டாள்.

“இருங்கய்யா. பொறவு பேச எனக்கு நாள் கெடையாது. மொத ஞாயிறு தோறும் வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பா. ‘தங்கம், வாரியா, சேந்து போவோம்’ம்பா. நான் கதவச் சாத்திக்கிட்டு பொறவாசல் வழியா வந்து, இந்தா இதே மொத வரிசையில இருந்து எந்திரிச்சுப் போயி வாங்கித் தின்னுட்டுப் போவேன். ஒரு மாசம் அவ தவறல. ஒரு மாசம் நானும் தவறல.”

நான் விடவில்லை. “மனசுல ஒண்ணும் இல்லன்னா ஆச்சி ஏன் பந்திக்கு வரல? வந்திருக்கலாமே.”

“இதத்தான் நானும் ஒரு நாள் கேட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கேட்டேன். ‘ஒனக்கு எம்மேல வருத்தம் இருக்குல்லா தங்கம். எனக்குத் தீந்தா மட்டும் போதுமா? ஒனக்குத் தீரணும்லா. அதுவரைக்கும் நான் எப்படிப் போயி முழங்கால் போட’ன்னா. நான் தெறக்கல. அவ செத்த அன்னைக்குத்தான் அந்த வீட்டுக்குள்ள போனேன். அதெல்லாம் ஒரு போறதாட்டி?”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோயிலில் பாதிப் பேர் அழுகிறார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருத்தி அழுதால் நம் ஆட்கள் எல்லாரும் அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆச்சியின் நாளையும் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆள் போனபிறகு, மைக்கில்லாமலே, கோயில் அதிர ஒரு பிரசங்கம். எண்பத்தாறு வயசில் ஞாபகம் என்ன லட்சணத்தில் இருக்கும்?

ஆனால், ஆச்சி அந்த வாசலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதைப் பொய் என்று சொல்லமுடியாது. கோயிலுக்குப் போகிற வழியில் சின்னாச்சி வீட்டு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள். நாங்கள் முன்னால் போய்விடுவோம். ஹெப்சிதான் கூட நிற்பாள், ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு. செருப்புக்குள் மண் போய்விட்டது, தட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊர் தேரிக்காட்டுச் செம்மணல். எப்போதும் செருப்புக்குள் இருக்கும்.

பிறகு, இன்று முதல் ஞாயிறு அல்லவா, ஐயர் பந்திக்குக் கூப்பிட்டார். யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல் வாருங்கள் என்று வழக்கம்போலச் சொன்னார். வழக்கம்போல யாரும் எழுந்திரிக்கவில்லை. அதாவது, வழக்கத்தில் எல்லாரும் எழுந்திரிப்பார்கள், இன்றைக்கு எழுந்திரிக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் யோசித்தேன். நான் போவதாக இல்லை. ஒன்பது வருஷமாகப் போகாதவள் இன்றைக்கு மட்டும் ஏன் போக வேண்டும்? ஆனால் கணக்கு மாறிவிட்டதே. சின்னாச்சி சொன்னபடி பார்த்தால், வருத்தம் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் போகலாம். யார்மேல் வருத்தமோ அவர்கள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வருத்தம் எனக்கு. குற்றம் ஹெப்சியுடையது. அப்படியானால் நான் போகலாம். உட்கார்ந்தால்தான் தப்பு. நான் உட்கார்ந்தால், ஊர் என்ன நினைக்கும்? சுகிர்தாமேல் யாருக்கோ மனத்தாங்கல், அதனால்தான் அவள் போகவில்லை என்று நினைக்கும். நான் யாருக்கு என்ன செய்தேன்?

போனேன். முதல் ஆளாய் முழங்கால் போட்டேன்.  நாக்கில் அப்பம் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. ஒன்பது வருஷப் பழக்கமின்மை. பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, ஒரு பாதிப் பேர்.

எழுந்து திரும்பிப் பார்க்கிறேன், முதல் வரிசையில் சின்னாச்சி இல்லை. சரி, பந்திக்குத்தான் வந்திருப்பாள் என்று கிராதிப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் இல்லை. வாக்கரைத் தள்ளித் தள்ளி நாலு பெஞ்சு பின்னால் போய், ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முதல் ஞாயிறில் பந்தியை விட்டவள், உட்காருவதற்குப் போயும் போயும் அந்த இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள். ஹெப்சியின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி செய்ததை இன்னொருத்தி மன்னித்துக்கொள்கிறாள் போல. வசதிதான்.

நான் அந்த வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. ஹெப்சி என்னைப் பார்த்து முழங்காலை ஒதுக்கினாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

பிறகென்ன, பிரியாணி. கோயில் வளாகத்தில் பந்தல். ஜனம் அழுத கண்ணைத் துடைத்துவிட்டு எலும்பு இருக்கிறதா என்று தேடியது. பெரியப்பா என் பக்கமே வரவில்லை. லைவ்வில் நான் பேசியதில் இருந்து சத்தம் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. நான் பாதி இலையில் எழுந்திருக்கப் பார்த்தேன். தயிர் வாளியோடு எதிரே வந்து நின்றவள் ஹெப்சி.

“அக்கா, ஒனக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேச்சு. எத்தனை மணிக்கு பஸ். கேட்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை அவளுக்கு. முகத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. என்னைவிட நாலு வயசு சின்னவள், என்னைவிட மூத்தவளாகத் தெரிகிறாள்.

“திருச்சி போகையில ராத்திரி ஆயிரும்லா. வழியில கண்டதையும் தின்னாத. இட்லி அவிச்சு எடுத்துட்டு திருநவேலி பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். வீட்டுக்குத்தான் வரமாட்ட.”

சுற்றிலும் எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

“ஆறு மணி” என்றேன்.

அவளோடு நான் ஒன்பது வருஷத்தில் பேசிய வார்த்தை இந்த இரண்டுதான். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸ் என்று சொன்ன மாதிரி. வாளியை அப்படியே அங்கே வைத்துவிட்டு, அரிசி உளுந்து நனையப்போட்டது போல வீட்டுக்கு ஓடிவிட்டாள். பாதிப் பேருக்குத் தயிர் வரவில்லை.

ஏன் கடிகாரத்தை அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், நாம் ஏறியது மூன்று மணிக்கு. எனக்குத் தெரியாதா, டிக்கெட் நான்தானே எடுத்தேன். வேண்டுமென்று சொல்லவில்லை, அம்மா. வாயில் வந்துவிட்டது.

மணி என்ன? நாலே முக்காலா? அப்படியானால் இந்நேரம் ஊரிலிருந்து கிளம்பியிருப்பாள். ஒரு மணி நேரப் பாதை. ஆறு மணி என்றால் அவள் ஐந்தரைக்கே வந்து நிற்பாள், அவள் குணம் அப்படி.

ஃபோனா? நம்பர் என்னிடம் இல்லையே. சொன்னேனே, அழித்துவிட்டேன் என்று. பெரியப்பாவைக் கேட்கலாம்தான். கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்று நான் என்ன சொல்வது? இல்லை, உங்கள் ஃபோன் வேண்டாம். என்னுடையதில் சார்ஜ் இருக்கிறது.

சின்னப் பிள்ளையா அவள்? நாற்பத்துநாலு வயசு. திருச்சி வண்டி எதுவென்று கண்டக்டரைக் கேட்பாள். அதில் நான் இல்லை என்றால் அடுத்ததைப் பார்ப்பாள். அதிலும் இல்லை என்றால் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். யாராக இருந்தாலும் போய்விடுவார்கள்.

அவள் போகமாட்டாள். எத்தனை வண்டி வந்து போனாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து இறங்கி, திரும்பவும் அங்கேயே வந்து நிற்பாள். கடைசி வண்டி வரைக்கும் நிற்பாள். அந்த மாதிரி மனுஷர்களை நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.